நொடிமுள்ளும் ஷட்டரும்

கேமராவை மனத்தில் வைத்துக் கைக்கடிகாரம் வடிவமைப்பவருக்கு எளிய வழி, லென்ஸ் வளையத்தின் எண்களை டயலைச் சுற்றிப் பதித்துவிடுவது. அது வெறும் ஒப்பனை. 2018இல் கேமரா நிறுவனமான லைக்கா அறிமுகம் செய்த எல்1 கடிகாரம் இதைவிட ஆழமாகப் போகிறது. ஆக்கிம் ஹைனே வடிவமைத்த அதில் நேரம் திருத்த, சாவித் திருகை இழுக்க வேண்டியதில்லை. ஷட்டர் பொத்தானைப் போல அழுத்த வேண்டும். அழுத்தியதும் ஓட்டம் நிற்கிறது, நொடிமுள் பூஜ்யத்துக்குத் தாவுகிறது, டயலில் வெள்ளையாக இருந்த புள்ளி சிவப்பாகிறது. நின்றது கடிகாரம் மட்டும்தானா, காலத்திலும் நிற்கிற ஒரு கணம் உண்டா?

கேமராவுக்குள்ளும் கடிகாரம் உண்டு. பழைய காம்பர் வகை ஷட்டரில் மெதுவான வேகங்களை அளப்பது ஒரு சிறு பற்சக்கரத் தொடர். ஒரு நொடிக்கு வைத்து அழுத்தினால் அது கிர்ரென்று ஓடுவது காதில் விழும். அந்த ஒரு நொடியில் வழுக்கிச் செல்லும் நொடிமுள்ளைப் படமெடுத்தால், 6 டிகிரி அகலத்துக்குக் கலங்கிய விசிறியாகத் தெரியும். 1/1000 நொடியில் அதே முள் ஊசியாக நிற்கும். எது நிகழ்காலம்? ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒளியே விழாது, படம் கறுத்துவிடும். அகலமே இல்லாத கணம் படத்தில் அகப்படாது.

நிகழ்காலம் என்று தனியே ஒன்று இல்லை என்ற கட்சி தொல்காப்பிய வினையியல் உரையிலேயே பேசப்படுவதுதான். பௌத்தரின் கணபங்கவாதம் வேறு பக்கம் நிற்கிறது: பொருள் கணந்தோறும் அழிந்து புதிதாகத் தோன்றுகிறது, தொடர்ச்சி வெறும் தோற்றம். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோவையில் தொடங்கிய வெரைட்டி ஹால் திரையரங்கின் திரை இதற்கு வாகான உவமை. அங்கே ஓடியதெல்லாம் அசையாத படங்களின் வரிசை. சைவ சித்தாந்தம் இந்தக் கணபங்கத்தை ஒப்பவில்லை. சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் பௌத்தத்தை மறுக்கிறார். காலம் மாயையிலிருந்து தோன்றுவது, 36 தத்துவங்களில் ஒன்று. காண்கிற உயிரோ கணத்தோடு அழிவதில்லை. பழைய ஆல்பத்தைப் புரட்டி “இது நான்தான்” என்பவர் அறியாமலே சைவர் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்.

கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் எனப்படும் பவணந்தி முனிவர் நன்னூலில் நிகழ்கால இடைநிலைகளாக ஆநின்று, கின்று, கிறு என மூன்றைத் தருகிறார். ‘உண்ணாநின்றான்’ என்ற சொல்லில் உண்பது முடியவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு ‘நின்று’ இருக்கிறது. இந்த நிற்றல் உறைந்துபோவதல்ல, செயலின் நடுவில் இருப்பது. 1/1000 நொடிப் படத்தைவிடக் கலங்கிய விசிறிதான் இதற்கு நெருக்கம்.

பேரூர் பட்டீசுவரர் கோயிலின் நாயக்கர் காலக் கனகசபையிலும் இதே நிலையைக் காணலாம். ஆட்டம் முடியும் தறுவாயில், தூக்கிய கால் தரைக்கு இறங்கிக்கொண்டிருக்கும் கோலம் அங்குள்ள நடராசருடையது என்பார்கள் தலத்தார்.