பழைய படகும் மனச்சான்றும்

கடற்கரைப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், ஆலயத்திலிருந்து கடலுக்கு இறங்கும் மணற்பாதையின் ஓரமாக ஒரு சிறிய ஃபைபர் படகு கேட்பாரற்றுக் கிடந்தது. அதைக் கவிழ்த்து வைக்கவும் எவருக்கும் தோன்றவில்லை. மழைநீர் உள்ளே தேங்கிப் பாசி படர்ந்திருந்தது. பகலில் அதன் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். மாலையில் சிறுவர்களுக்கு அது போர்க்கப்பலாகிவிடும். உரியவர் நோயுற்று இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மகன் அடுத்தவர் படகில் கூலிக்குக் கடலுக்குச் சென்றுவந்தான்.

ஒருநாள் மாலைத் திருப்பலி முடிந்ததும் அவன் என்னிடம் வந்தான். “சாமி, அப்பாவோட படகைச் சரி பண்ணி எடுக்கலாம்னு இருக்கேன். கையில காசு கொஞ்சந்தான் இருக்கு. எவ்வளவு குறைச்சு முடிக்கலாம்னு பாக்கணும்” என்றான்.

எவ்வளவு குறைக்கலாம் என்பது வரவு செலவுக் கணக்கன்றோ, அதனைப் பங்குக்குருவிடம் கேட்பானேன் என்று அன்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் கணக்கின் நடுவே ஓர் அறநெறிக் கேள்வி மறைந்திருந்ததை அடுத்த சில வாரங்களில் நான் கற்றுக்கொண்டேன். அதனையே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தட்டிப் பார்த்தபோது

படகுகளைப் பழுது பார்ப்பதிலேயே தலை நரைத்த தொழிலாளி ஒருவரை அழைத்து வந்தோம். நீரை இறைத்து, பாசியைச் சுரண்டி, சில நாள் வெயிலில் காயவிடச் சொன்னார். பிறகு ஒரு சிறு சுத்தியலை எடுத்துச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். நல்ல இடங்களில் ஓசை கணீரென்று கேட்டது. எஞ்சின் மாட்டும் பின்பலகையை அடைந்ததும் ஓசை மழுங்கி, ஈரச் சுவரைத் தட்டினாற்போல் ஒலித்தது. அவர் அங்கே ஒரு சிறு துளையிட்டார். வெளியே வந்தது மரத்தூளன்று. கரும்பழுப்பு நிறத்தில் நனைந்த சக்கை.

கண்ணாடியிழையும் ரெசினும் சேர்ந்த ஃபைபர் உளுத்துப்போவதில்லை என்பது உண்மையே. ஆயின் இத்தகைய படகுகள் பலவற்றில் பின்பலகைக்குள் மரப்பலகை பொதியப்பட்டிருக்கிறது. எஞ்சினை இறுக்கும் திருகாணித் துளைகள் வழியே நீர் மெல்லக் கசிந்து உள்ளே புகுந்தால், வெளித்தோல் பளபளப்பாக இருக்க உள்மரம் சிதைந்துவிடுகிறது. எஞ்சினின் எடையைத் தாங்குவதும், அது தள்ளும் விசையைப் படகுக்குக் கொடுப்பதும் அந்தப் பலகைதான். நடுக்கடலில் அது பிளந்தால் எஞ்சினும் போகும், திறந்த பின்புறம் வழியே கடலும் உள்ளே வரும்.

தமிழகக் கடற்கரையில் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் இத்தகைய படகுகள் பல்கிப் பெருகின. இழந்த கட்டுமரங்களுக்கு ஈடாக அவை பெருமளவில் வழங்கப்பட்டன. இரக்கத்தோடு கலந்த அவசரத்தில் செய்யப்பட்டவற்றுள் தரம் குன்றியவையும் இருந்தன. நல்ல எண்ணம் மட்டுமே ஒரு படகை மிதக்க வைப்பதில்லை என்பதனைக் கடலோர மக்கள் அன்றே அறிந்துகொண்டார்கள்.

பெரியவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, பின்பலகையை முழுவதும் அறுத்தெடுத்து, உலர்ந்த நல்ல மரம் வரும்வரை சுரண்டி, புதிய மரைன் பிளைவுட் வைத்து, மேலே கண்ணாடியிழையைப் படலம் படலமாக ஒட்டுவது. காசும் நாளும் பிடிக்கும். மற்றொன்று, துளைகளையும் வெடிப்புகளையும் பட்டி பார்த்து அடைத்து, தேய்த்து, வண்ணம் பூசிவிடுவது. இரண்டே நாளில் படகு புதிதாகிவிடும், செலவும் சொற்பம். “பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது” என்று அவர் சொன்னதில் ஒரு கசப்பு இருந்தது.

இதற்குள் வேற்றூர்க்காரர் ஒருவர் படகை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். இளைஞன் தயங்கியபடியே வந்து நின்றான். “பட்டி பாத்துப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்தா நல்ல விலை வரும் சாமி. அப்பா வைத்தியத்துக்கு வாங்கின வட்டிக்கடன் தீர்ந்திரும். நாம பொய் ஒண்ணும் சொல்லலையே. அவங்க கேட்டா மட்டும் சொல்லலாமே?” என்றான்.

வாய் திறவாமையும் ஒரு சொல்லே

இந்தக் கேள்வி பழமையானது. கி.மு. 44-இல் உரோமையின் சிசரோ, கடமைகளைப் பற்றித் தாம் எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஏறத்தாழ இதே வழக்கை எடுத்துரைக்கிறார். குறையுள்ள ஒரு வீட்டை விற்பவன், வாங்குபவனுக்குத் தெரியாத அக்குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா? ஸ்தோயிக்க ஆசிரியரான தியோஜெனஸ், கேளாததைச் சொல்ல வேண்டியதில்லை, மறைப்பது வேறு, சொல்லாதிருப்பது வேறு என்பார். அவருடைய மாணவரான அந்திப்பாத்தர், வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் நிற்பதினும் இது கொடிது என்பார். சிசரோ மாணவரின் பக்கமே சாய்கிறார்.

13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் இதனை இன்னும் நுட்பமாகப் பகுத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிகின்ற குறையாயின், அதற்கேற்ப விலையைக் குறைத்துவிட்டால் போதும். சந்தையில் நின்று கூவ வேண்டியதில்லை. ஒற்றைக் கண் குதிரையை வாங்குபவனுக்குக் கண் இருக்கிறது. ஆனால் குறை மறைந்திருந்து, அதனால் வாங்குபவனுக்கு இழப்போ ஆபத்தோ நேருமாயின், விற்பவன் அதனைச் சொல்லியே ஆகவேண்டும். இடிந்துவிழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென்று விற்பதனை அவர் அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்.

குருமடத்தில் இதனைப் படித்தபோது, தேர்வுக்குரிய பாடமாக மட்டுமே படித்தேன். அந்த மணற்பாதையில் நின்றபோதுதான் பின்பலகை அதற்கு எத்துணைப் பொருத்தமான எடுத்துக்காட்டு என்று விளங்கிற்று. வண்ணம் பூசுவது சொல்லாதிருப்பதன்று. பளபளக்கும் அந்தப் பூச்சே ‘உறுதியாக இருக்கிறேன்’ என்று வாங்குபவனிடம் பேசுகிறது. நாம் வாய் திறவாவிட்டாலும் நம் கைவேலை பொய் சொல்லிவிடுகிறது.

நான் இதையெல்லாம் ஒருவாறு எடுத்துச் சொன்னேன். அருகில் நின்ற அவனுடைய தாய், “உங்களுக்குச் சொல்லுறது சுலபம் சாமி. வட்டிக்காரன் எங்க வாசல்லதான வந்து நிக்கிறான்” என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. ஏனெனில் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. முன்பு நான் இருந்த ஒரு பங்கில், ஓட்டுக்கூரையின் சட்டங்கள் உளுத்திருப்பது தெரிந்திருந்தும், திருவிழா நெருங்கியதால் கையிலிருந்த நிதியை முகப்புக்கு வண்ணம் பூசச் செலவிட்டேன். பாராட்டுக் கிடைத்தது. அடுத்த மழையில் ஒரு சட்டம் முறிந்து பெஞ்சுகளின்மேல் விழுந்தது. அப்போது உள்ளே எவரும் இல்லாதது என் முன்மதியால் அன்று.

எதில் குறைப்பது?

அறநெறி காசுள்ளவர்களுக்கு மட்டுமே உரியதா என்னும் அந்தத் தாயின் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏழை ஒருவனிடம், எல்லாவற்றையும் புதிதாக வாங்கு, இல்லையேல் கடலுக்குப் போகாதே என்பது அறிவுரையன்று; அவன் பிழைப்பைப் பறிப்பதாகும். குறைந்த செலவில் முடிப்பதே அவனுக்குத் திறந்திருக்கும் ஒரே வாயில். எனவே எங்கே குறைப்பது என்பதே கேள்வி.

பெரியவரோடு அமர்ந்து இரண்டு பட்டியல்கள் எழுதினோம். கண்ணுக்குரியவை ஒரு பக்கம்: வண்ணம், பெயர் எழுதுதல், புதிய இருக்கைப் பலகைகள், இளைஞன் ஆசைப்பட்ட 25 குதிரைத்திறன் எஞ்சின். உயிருக்குரியவை மறுபக்கம்: பின்பலகை, மிதவை அறைகள், எரிபொருள் குழாய், மிதவைச் சட்டைகள். மிதவை அறையின் நுரைப்பஞ்சு நீரைக் குடித்து ஊறியிருந்தால், படகில் நீர் நிறையும் வேளையில் அது தாங்காது என்பதனால் அதனையும் சேர்த்தார். முதல் பட்டியலில் வேண்டுமட்டும் வெட்டலாம். இரண்டாவதில் ஒரு வரியையும் வெட்டலாகாது என்று முடிவு செய்தோம்.

ஆனால் இரண்டாவது பட்டியலுக்கே காசு போதாவிட்டால்? அதற்கும் பெரியவரே விடை சொன்னார். படகின் உறுதியைக் குறைக்காதே. படகிடம் நீ கேட்கும் வேலையைக் குறைத்துக்கொள். பெரிய எஞ்சின் வேண்டாம். தந்தையின் பழைய 9.9 குதிரைத்திறன் எஞ்சினே போதும். அது தள்ளும் விசை குறைவு, பலகைக்கும் பளு குறைவு. நான்கு பேருக்குப் பதில் இருவர் போகட்டும். தொலைவுக் கடல் வேண்டாம்; கரை கண்ணில் படும் தொலைவிலேயே வலை விடட்டும். சிறிய வேலையை முழுமையாகச் செய்வது ஏழைக்கும் இயலும். பெரிய வேலையைப் பாதியாகச் செய்து முழுமைபோல் காட்டுவதுதான் எவருக்கும் தகாதது. சிக்கனத்துக்கும் வஞ்சனைக்கும் இடையிலுள்ள கோட்டை இதைவிடத் தெளிவாக எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

விலை பேச வேற்றூர்க்காரர் நேரில் வந்த நாளில், எங்களில் எவரும் வாய் திறக்குமுன் அந்தத் தாயே பேசினார்: “பின்னால பலகை இத்துப் போச்சுங்க. தெரிஞ்சு வாங்குறதுன்னா வாங்குங்க.” வந்தவர் பாதி விலை கேட்டுவிட்டுப் போனார். அவர் போன பின் தாய் என்னைப் பார்த்து, “அந்தாளு வீட்டுலயும் ஒருத்தி கரையில நிப்பாளே சாமி” என்றார். சிசரோவையும் தோமாவையும் படித்திராத பெண்மணி அவர்.

வேலை ஏழு வாரம் நடந்தது. கூலியை மிச்சப்படுத்த இளைஞனே உழைத்தான். கண்ணாடியிழைத் தூள் நுரையீரலுக்குத் தீங்கு என்பதால், முகமூடிக்கும் கண்ணாடிக்கும் ஆகும் செலவைப் பெரியவர் இரண்டாவது பட்டியலிலேயே எழுதினார். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் ஹார்டனர். கூடினால் சூடேறி வெடிக்கும், குறைந்தால் இறுகாமல் பிசுபிசுக்கும் என்று அளந்து காட்டினார். ஒட்டுப்போடும் இடத்தைத் தகட்டின் பருமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்கச் செய்தார். ஒட்டு நிற்பது ஓட்டையின்மேல் அன்று, சுற்றிலுமுள்ள நல்ல பகுதியின்மேல் என்பது அவர் சொன்ன காரணம். எஞ்சினில் இறுகிப்போயிருந்த நீரேற்றும் இம்பெல்லரையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவினார்கள். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்ததால், உள்ளே கடல்நீர் புகுந்திருப்பதை அறிந்து சீல்களையும் மாற்றினார்கள்.

அந்த ஆண்டு வட்டிக்கடன் தீரவில்லை. அதனை மறைப்பது நேர்மையாகாது. நல்லதைச் செய்தவர்களுக்கு உடனே கை நிறைந்துவிடுவதாக நாம் கதை சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் குடும்பம் மேலும் இரண்டு ஆண்டுகள் வட்டி கட்டிற்று.

திருவிழாவின்போது படகுகளை மந்திரிக்கக் கரையில் இறங்கினேன். வண்ணங்களும் கொடிகளுமாய் நின்ற வரிசையின் கடைசியில் அந்தப் படகு நின்றது. வண்ணம் பூசக் காசில்லை. பழைய நீலத்தின் நடுவே புதிய ஒட்டு சாம்பல் நிறத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. சிலர் சிரிக்கவும் செய்தார்கள். தீர்த்தம் தெளித்துவிட்டு, எவரும் பாராதபோது பின்பலகையை விரலால் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது.

நம் இல்லங்களிலும் நிறுவனங்களிலும், ஏன், பங்குகளிலும், குறைந்த காசில் முடிக்க வேண்டிய வேலைகளே மிகுதி. அது குறையன்று. குறைத்த இடம் நம் கண்ணுக்குரியதா, பிறர் உயிருக்குரியதா என்று, பூச்சு வேலை தொடங்குமுன் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுவது நம் கடமையாகும்.