கறுத்த ஆயில் யாருடையது

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதுரையின் ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கமான வேலை நின்றுவிடும். ஸ்பேனர்களைப் பிசுக்குப் போகத் துடைப்பார்கள். ஆண்டு முழுக்கக் கறுத்துக் கிடந்த தரையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பார்கள். மறுநாள் சந்தனமும் குங்குமமும் ஏறியபின் எந்தக் கருவியையும் எடுத்து வேலை செய்ய மாட்டார்கள். கையால் சுத்தம் செய்வதுதான் அந்த வழிபாட்டின் முதல் படி. வணக்கமும் ஓய்வும் அதற்குப் பிறகு வருகின்றன. கார் வைத்திருப்பவர்களும் அதே நாளில் பூஜை போடுகிறார்கள். வெளிப்புறத்தைக் கழுவி, மாலை சாத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். புதுக் கார் வாங்கினால் மேலமடைப் பாண்டி கோயிலுக்கோ அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி சந்நிதிக்கோ கொண்டுபோகிறார்கள். ஆயுதமே தெய்வமாக நிற்கும் திருமோகூர்ச் சக்கரத்தாழ்வாரை வணங்கும் ஊரில் இதில் வியப்பில்லை. ஆகவே காரை எதற்குச் சமய விவாதத்துக்குள் இழுக்கிறீர்கள் என்று யாரும் கேட்க முடியாது. அதை நாமே எப்போதோ சந்நிதிக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டோம். கேட்க வேண்டியது வேறு. மாலை விழும் முன்பக்கம் மட்டும் நம் பக்திக்கு உட்பட்டதா, அடிப்பக்கமும் உட்பட்டதா? ஒரு வேலையைக் கூலி கொடுத்துச் செய்வித்தால் அதன் வினை யாரைச் சேரும்? தன் காரின் ஆயிலை முதல்முறையாகத் தானே மாற்றிப் பார்ப்பது, இந்தப் பழைய கேள்விக்கு விடை காண நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறிய, மிகத் தெளிவான வாய்ப்பு என்பது என் எண்ணம்.

வேலை கடினமானதல்ல. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டால் ஆயில் சூடேறி இளகும். அப்போதுதான் அடியில் தங்கிய அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். காரைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் உட்காரவைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவது. பிறகு ஆயில் சம்ப்பின் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி, வடிவதை அகலமான பாத்திரத்தில் பிடித்து, ஃபில்டரை மாற்றி, புது வாஷர் போட்டுப் போல்ட்டை முடுக்கி, தயாரிப்பாளர் சொன்ன தரத்தில் சொன்ன அளவு ஊற்றி, டிப்ஸ்டிக்கில் அளவு பார்க்க வேண்டும். சிறிய பெட்ரோல் கார்களில் இது ஏறத்தாழ 3 லிட்டர். 10,000 கிலோமீட்டருக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மதுரையிலிருந்து அழகர்கோவிலுக்கு 240 தடவை போய்வரும் தூரம் அது. தேன் நிறத்தில் உள்ளே போன ஆயில் கறுப்பாக வெளியே வருகிறது. அதில் கலந்திருக்கும் சுத்திகரிப்பு வேதிப்பொருள்கள் எரிபொருளின் புகைக்கரியைப் பிடித்து, எஞ்சினில் படியவிடாமல் தமக்குள் வைத்திருப்பதே அதற்குக் காரணம். உலோகத் தேய்மானத் துகள்களும் அதில் சேர்ந்திருக்கும். வடிந்ததை அளந்து பார்த்தால் பெரும்பாலும் ஊற்றியதைவிடக் குறைந்திருக்கும். குறைந்த பங்கில் பெரும்பகுதி எரிந்து புகைக்குழாய் வழியே இதே ஊரின் காற்றில் கலந்துவிட்டது. அத்தனை போக்குவரத்தின் மிச்சமும் ஒரு பாத்திரத்தில், கண்ணெதிரே. ஒர்க்‌ஷாப்பின் கண்ணாடிக்கு அப்பால் நாற்காலியில் காத்திருப்பவருக்குக் கிடைப்பது ரசீது மட்டும்.

பாத்திரத்தில் கிடப்பது தன்னுடையது என்று காரின் உரிமையாளர் ஒப்புக்கொள்வாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் வாழ்ந்த சமணர்கள் இதற்கு மிகக் கறாரான விடை வைத்திருந்தார்கள். ஒரு செயலைத் தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்ததற்கு உடன்படுவது ஆகிய மூன்றும் வினையைச் சேர்க்கும் வழிகள். மனம், சொல், உடல் என்ற மூன்றோடும் இவற்றைப் பெருக்கி ஒன்பது வாயில்களாக எண்ணினார்கள். துறவிகளின் விரதம் கடுமையானது, இல்லறத்தாருடையது அளவில் குறைந்தது. ஆனால் செய்விப்பவன் தப்பித்துக்கொள்ளலாம் என்று இல்லறத்தாருக்கும் அவர்கள் சொல்லவில்லை. இந்தக் கறாரை யாரிடம் சொன்னார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அழகர்மலைக் குகைத்தளத்தில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் மதுரைப் பொற்கொல்லரும், உப்பு விற்றவரும், உழுபடைக் கொழு விற்றவரும் வருகிறார்கள். துறவிகளுக்கு இடம் அமைத்துக் கொடுத்த கொடையாளிகள் அவர்கள். பிறர் உழைப்பை வாங்கியும் விற்றும் வாழ்ந்த சந்தை மனிதர்கள். செய்வித்தவனுக்கும் பங்குண்டு என்ற போதனையை அவர்கள் கேட்டார்கள், கேட்டபின்னும் அந்தப் போதகர்களைப் போற்றினார்கள். இந்தக் கொள்கை காட்டுக்குள் அடைந்து கிடந்த ஒன்றாக இருந்திருந்தால் அந்தப் பாறையில் ஒரு கடைத்தெருவே பெயர் பொறித்திருக்காது.

அதே எண்ணத்தை இருபதாம் நூற்றாண்டில் கணக்கு மொழியில் சொன்னவர் ஜே.சி. குமரப்பா. லண்டனில் தணிக்கைக் கணக்கராகப் பயிற்சி பெற்று, காந்தியோடு சேர்ந்து, கடைசி ஆண்டுகளை மதுரைக்குத் தெற்கே டி. கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30இல் மறைந்தவர். ஒரு பொருளுக்கு விலை மட்டும் இல்லை, அது உண்டான விதத்தின் நன்மை தீமையும் அதோடு ஒட்டி வருகிறது, வாங்குகிறவர் அதை விசாரிக்கக் கடமைப்பட்டவர் என்பது அவர் விடாமல் வாதித்த கருத்து. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்குபவன் திருட்டுக்குத் துணைபோகிறான் என்று நாம் ஒப்புக்கொள்கிறோமே, அதே நியாயம் எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் என்றார். பெட்ரோலியத்தை, எடுக்க எடுக்கக் குறையும் தேக்கச் செல்வம் என்று தனியே பிரித்து, அதன்மேல் கட்டும் வாழ்க்கை பகையில் முடியும் என்றும் எச்சரித்தார். இன்று கார் வைத்திருக்கும் எவரையும் அவர் எளிதில் விட்டிருக்க மாட்டார். நான் அவரளவுக்குப் போகவில்லை. கார் ஓடியே தீர வேண்டிய வாழ்க்கை பலருக்கு அமைந்துவிட்டது. ஆனால் அவருடைய தணிக்கைக் கண் நமக்கு வேண்டும். வரவையும் செலவையும் ஒரே ஆள் ஒரே இடத்தில் பார்த்தால்தான் கணக்கு. வரவு நமக்கு, செலவு ஊருக்கு என்று பிரித்துவிட்டால் அதைக் கணக்கு என்று எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார்.

மதுரையில் இதை எழுதினால் முதலில் எழும் மறுப்பு வந்தியின் பெயரால் எழும். வைகை உடைப்பெடுத்தபோது வீட்டுக்கு ஒரு பங்கு கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தார் என்கிறது திருவிளையாடல். ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்பில் ஆண்டுதோறும் நடப்பது இந்தக் கதையின் விழாதான். கூலிக்கு ஆள் வைப்பதை இறைவனே ஏற்றிருக்க, செய்விப்பதில் என்ன குறை என்று கேட்கலாம். குறையே இல்லை. வந்தி முதியவள், தள்ளாதவள். தள்ளாதவர் ஆள் வைக்கத்தான் வேண்டும். ஆனால் கதையைக் கடைசிவரை பார்க்க வேண்டும். கூலியாள் வந்த பிறகும் கரையின் அந்தப் பங்கு வந்தியின் பேரில்தான் இருந்தது. அடைபடாமல் கிடந்தபோது அது வந்தியின் பங்கு என்றே அதிகாரிகள் கண்டார்கள். அதைவிடப் பெரியது பிரம்படி. வேலை செய்யாத கூலியாளின் முதுகில் மன்னன் அடித்த அடி, அடித்த மன்னன் முதல் ஊரிலுள்ள எல்லா உயிர்மேலும் விழுந்தது. கூலியாளின் உடம்பு தனி, நம் உடம்பு தனி என்ற நினைப்பை இதைவிட வலுவாக மறுத்த கதை எனக்குத் தெரியவில்லை. விறகு விற்றவராகவும் வளையல் விற்றவராகவும் சொக்கர் வந்த இந்த ஊரில், உழைக்கும் முதுகில் விழும் அடி நம்மேல் விழவில்லை என்று சொல்ல எந்த பக்தருக்கும் இடமில்லை.

அந்த முதுகு இன்றைய மெக்கானிக்குடையது. எல்லோரும் தாமே ஆயில் மாற்றத் தொடங்கினால் அவர் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய மோட்டார்த் தொழில் வேர்விட்டு வளர்ந்த ஊர் இது, கே.புதூர், கப்பலூர்த் தொழிற்பேட்டைகள் முதல் தெருமுனைப் பட்டறைகள் வரை வண்டிகளை நம்பி வாழ்பவர்கள் ஏராளம். ஆண்டுதோறும் தாமே மாற்றுங்கள் என்பது என் வாதமல்ல. ஒருமுறை செய்தவர் மறுமுறை மெக்கானிக்கிடமே போகலாம், போக வேண்டும். ஆனால் பயன்படுத்திய ஆயில் தோலில் ஊறினால் கேடு என்பதையும், அதிலுள்ள கரிமச் சேர்மங்கள் புற்றுநோய்க்கு வழிசெய்யக்கூடியவை என்பதையும், அந்த மனிதர் கையுறை இல்லாமல் நாளெல்லாம் அதில் கை நனைக்கிறார் என்பதையும் அறிந்தவராகப் போவார். கையுறை ஏன் இல்லை என்று கேட்பார். கூலியில் பேரம் பேசும் நாக்கு சற்றுத் தயங்கும். அவரவர் தர்மம் அவரவருக்கு, பிறர் தர்மத்தில் புகுவது ஆபத்து என்று கீதையைக் காட்டி இன்னொரு மறுப்பும் வரும். அந்தக் கருத்தைப் பிறப்போடு முடிச்சுப்போட்டு, அழுக்குத் தொடும் கைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளிவைத்ததன் காயம் இன்னும் ஆறவில்லை. தன் உடைமையின் அழுக்கு தன்னுடையது என்று ஏற்பதைவிடத் தெளிவான சுயதர்மம் என்ன இருக்கிறது? ஏழாம் நூற்றாண்டில் அப்பர் கையில் ஏந்தியது உழவாரம், புல் செதுக்கும் கருவி. சைவ சித்தாந்தம் சொல்லும் நான்கு நெறிகளில் உடலால் செய்யும் தொண்டாகிய சரியைதான் முதலில் வருகிறது. அது கீழ்ப்படிதானே, ஞானம் அல்லவா மேல் என்பார்கள். கீழ்ப்படியை மிதிக்காமல் மேலே ஏறியவர் யார்?

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு சாஸ்திரத்திலிருந்து வருவதல்ல, சாக்கடையிலிருந்து வருவது. ஒர்க்‌ஷாப்பிலாவது கழிவு ஆயிலை டிரம்மில் சேர்த்து வைக்கிறார்கள். வீட்டில் மாற்றுபவர் அதை வாசல் வாய்க்காலில் கொட்டிவிட்டால் அந்தப் புண்ணியம் யாருக்கு வேண்டும்? இதை மழுப்ப முடியாது. ஒருமுறை மாற்றும்போது வடியும் ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. ஒரு வாசல் வாய்க்காலில் ஊற்றுவது கிருதுமால் நதிக்கோ பந்தல்குடி வாய்க்காலுக்கோ போகலாம். பந்தல்குடி போய்ச் சேருவது வைகை. ஆகவே போல்ட்டை முடுக்கியதோடு வேலை முடியவில்லை. ஆறிய ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே சிந்தாமல் ஊற்றி மூடி, பழைய ஃபில்டரையும் வடியவிட்டுக் கட்டி, கழிவு ஆயிலை முறையாக ஒப்படைக்கும் ஒர்க்‌ஷாப்பைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் முடிகிறது. கொடுக்கும் இடத்தில், இது எங்கே போகிறது என்று கேட்கவும் வேண்டும். கழிவு ஆயில் சென்ட்ரிங் பலகையில் தடவப் போகலாம், கரையானுக்கு மருந்தாக மரத்தில் பூசப் போகலாம். அதாவது கடைசியில் மண்ணுக்குத்தான். மறுசுத்திகரிப்புக்குப் போனால் மீண்டும் ஆயிலாகும். ஏனென்றால் அடிப்படை எண்ணெய் அழுக்காகிறதே தவிர முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. அந்த வழி கிடைக்காது என்று தெரிந்தால் வீட்டில் மாற்றவே கூடாது. இந்த நிபந்தனையோடுதான் என் வாதம் நிற்கிறது. இது இல்லாமல் செய்வது, மேலே சொன்ன மூன்று வழிகளில் முதல் வழியாலேயே வினையைச் சேர்ப்பது.

சட்டம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் பயன்படுத்திய ஆயிலை அபாயக் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. 2023இல் வந்த திருத்தம், 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிப்பவர்கள்மேலும் இறக்குமதி செய்பவர்கள்மேலும் மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகிறது. நல்ல விதி, வரவேற்க வேண்டியது. ஆனால் அதன் கைக்கு ஆயில் வந்து சேர்ந்தால்தான் அது வேலை செய்ய முடியும். வாய்க்காலுக்கும் டிரம்முக்கும் நடுவே நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் விதி அங்கே இருக்காது. வண்டிக்காரரும் அவர் எதை நம்புகிறாரோ அதுவும் மட்டுமே இருக்கும்.

பேட்டரி கார் வந்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது என்பவர்களும் உண்டு. எஞ்சின் ஆயில் அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் அதன் அடியில் இருப்பது பல நூறு வோல்ட் பாயும், முத்திரையிட்ட பெட்டி. உரிமையாளர் அதைத் திறக்கக் கூடாது, திறக்கவும் முடியாது. பல பேட்டரிகளில் சேரும் கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே குழந்தைகளும் மண் தோண்டுகிறார்கள் என்பது பலமுறை பதிவான செய்தி. செய்தலும் இல்லை, செய்விக்கும் ஆளும் கண்ணில் படுவதில்லை. உரிமையாளரிடம் மிஞ்சுவது சமணர்கள் மூன்றாவதாக எண்ணிய உடன்படுதல் ஒன்றுதான். அங்கே கையால் செய்ய ஒன்றுமில்லாததால் வாயால் கேட்டாக வேண்டும். இந்தப் பேட்டரியின் உலோகம் எங்கே தோண்டியது, ஆயுள் முடிந்தபின் இதை யார், எந்த ஆலையில் பிரிப்பார்கள் என்று, முன்பணம் கட்டுவதற்கு முன்பே, ஷோரூமில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.