ஒன்பது வாரம்

நாவலூரில் எங்கள் குடியிருப்பு வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், போன வாரம் கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கைபேசியை நீட்டினார். யாரோ அனுப்பிய செய்தி. புற்றுநோயின் ஆணிவேரையே அறுக்கும் பெப்டைடு ஊசி என்று தலைப்பு. அவர் மனைவிக்குக் கணையத்தில் புற்றுநோய். இரண்டு கீமோ முடிந்திருக்கிறது.

"சார், இந்த ஊசி நம்மூருக்கு வந்துடுச்சா? வந்துட்டா அடுத்த கீமோவ நிறுத்திடலாம்னு பாக்குறேன். அவளால தாங்க முடியல."

நாளைக்குச் சொல்கிறேன் என்று மாடியேறினேன். அன்றிரவு படித்ததில் தெரிந்தது, செய்தி முழுப் பொய் இல்லை என்பது. பதில் சொல்வதைக் கடினமாக்கியது அதுதான்.

உயிரணுவில் எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும் என்று முடிவு செய்பவை படியெடுப்புக் காரணிகள் என்னும் புரதங்கள். அவற்றில் ஒன்று 'மிக்'. பல புற்றுநோய்களில் இது அடங்காமல் ஓடி, உயிரணுவை ஓயாமல் பெருக வைக்கிறது. வழக்கமான மருந்துகள் புரதத்தின் மேலுள்ள குழியில் போய் உட்கார்ந்து அதைச் செயலிழக்கச் செய்யும். மிக் புரதத்தில் அப்படி உட்கார வாகான குழி இல்லை. தனியாக இருக்கும்போது அதற்கு நிலையான வடிவமே கிடையாது. மருந்துக்கு அகப்படாதது என்று பல காலம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள்.

ஆனால் மிக் தனியாக எதையும் செய்வதில்லை. 'மேக்ஸ்' என்ற புரதத்தோடு ஜிப் போலப் பின்னிக்கொண்டால்தான் டிஎன்ஏவைப் பற்றும். லாரா சூசெக் இத்தாலியில் மாணவியாக இருந்தபோது, 1998-இல், இந்த இடத்தில் கை வைத்தார். மிக்கின் பின்னும் பகுதியை மட்டும் எடுத்து, நான்கே அமினோ அமிலங்களை மாற்றினார். 91 அமினோ அமிலம் கொண்ட அந்தக் குறும்புரதம் 'ஓமோமிக்'. செய்தியில் வந்த பெப்டைடு ஊசி இதுதான். மிக்கின் ஜோடியைத் தான் பிடித்துக்கொள்ளும். மிக் உட்கார வேண்டிய டிஎன்ஏ இடத்திலும் தானே போய் உட்காரும். இவ்வளவு பெரிய மூலக்கூறு உயிரணுவுக்குள் நுழையாது என்றே நெடுநாள் நம்பினார்கள். நுழைகிறது என்று 2019-இல் காட்டினார்கள்.

ஸ்பெயினில் 2021-இல் தொடங்கிய இதன் முதல் கட்டச் சோதனையில் 22 நோயாளிகள். வேறு சிகிச்சைகள் பலனளிக்காமல் போன பிறகு வந்தவர்கள். வாரம் ஒருமுறை நரம்பு வழியாக மருந்து. ஒன்பதாவது வார ஸ்கேனில் மதிப்பிட முடிந்தவர்கள் 12 பேர். அவர்களில் 8 பேருக்குக் கட்டி வளராமல் நின்றிருந்தது. கணையப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கட்டிகளின் மொத்தக் கன அளவு ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது. 2024-இல் வெளியான முடிவு இது. ஒருவருக்கும் நோய் முற்றிலும் நீங்கவில்லை. ஆனாலும் கணையப் புற்றுநோயில் கட்டி ஒன்பது வாரம் நின்றது என்பதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

படிக்கும்போது ஒன்று மனதை விட்டு அகலவில்லை. ஓமோமிக் போன்ற பெப்டைடு சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கும் என்ற வரைபடத்தை உலகுக்குக் கொடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும். ஆண்டு 1963. இன்றைக்கும் புரத வடிவங்களைச் சரிபார்க்க அந்தப் படத்தைத்தான் எடுக்கிறார்கள். அதன் பயன் இஸ்திரி வண்டிக்காரர் வீட்டுக்கும் வந்துசேர வேண்டும்.

வரும் வழி சுலபமில்லை. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மாத்திரைக்கு ஒரு காலத்தில் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலை இருந்தது. நம் நாட்டு நிறுவனங்கள் செய்த அதே மருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் கிளிவெக்கைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதனால் மலிவு விலை மாத்திரை தொடர்ந்து கிடைத்தது. ஆனால் ஓமோமிக் போன்ற குறும்புரதத்தை மாத்திரையைப் போல எளிதில் நகலெடுத்துவிட முடியாது. அதைச் செய்யும் திறனை அரசு ஆய்வகங்களும் நம் மருந்து நிறுவனங்களும் இப்போதே வளர்க்கத் தொடங்க வேண்டும். மருந்துக்கு அனுமதி கிடைத்த பிறகு தொடங்கினால், அந்த இடைவெளியில் போகும் உயிர்களுக்கு யார் பதில் சொல்வது?

மறுநாள் காலை அவரிடம் சொன்னேன். "அண்ணே, அது இன்னும் சோதனையிலதான் இருக்கு. நம்மூருக்கு வரல. பன்னெண்டு பேர்ல எட்டுப் பேருக்குக் கட்டி வளராம ஒன்பது வாரம் நின்னுச்சு, அவ்வளவுதான். கீமோவ மட்டும் நிறுத்திடாதீங்க. தாங்க முடியலன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. வாந்திக்கு, வலிக்கு மருந்து மாத்திக் குடுப்பாங்க."

கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எட்டுப் பேருக்கு நின்னுச்சுங்கறது நெசமா சார்?" என்று கேட்டார். நிஜம் என்றேன்.

இப்படி ஒரு செய்தி உங்களுக்கு வந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை வாரம் பார்த்தார்கள் என்ற இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். அதைப் படிப்பவர் வீட்டில் அடுத்த கீமோவுக்கு நாள் குறித்திருக்கலாம்.