சாவியைக் கொடுத்தபின்

வீட்டைப் பிறரிடம் ஒப்படைத்து வெளியூர் செல்பவர் சாவியை மட்டுமா கொடுத்துச் செல்கிறார்? தம் நம்பிக்கையையும் சேர்த்தே கொடுத்துச் செல்கிறார். பெற்றுக்கொள்பவர் மனிதராயின், தவறு நேரும்போது வருந்துவார், பதில் சொல்வார். சாவியைப் பெறுவது ஒரு கருவியாயின் பதில் சொல்வது யார்? கணினித் துறையில் இது இன்று வெறும் கற்பனைக் கேள்வியன்று.

நிரல் எழுதுவோர் தம் மூலநிரலை இணையக் களஞ்சியங்களில் சேர்த்து வைக்கின்றனர். 2008-இல் தொடங்கப்பெற்ற கிட்ஹப் அத்தகையது. எந்த வரியை யார், எந்நாளில் மாற்றினார் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். இக்களஞ்சியத்தைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளருடன் இணைக்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025-இல் அறிமுகப்படுத்திய 'அஷூர் எஸ்.ஆர்.இ. ஏஜென்ட்' ஓர் எடுத்துக்காட்டு. நள்ளிரவில் ஒரு சேவை நின்றுபோனால், அது இயக்கப் பதிவுகளைப் படிக்கிறது. அண்மையில் செய்யப்பட்ட நிரல் மாற்றங்களோடு அவற்றை ஒப்பிடுகிறது. பழுது இருக்கக்கூடிய இடத்தைச் சுட்டுகிறது. உறக்கம் கெட்டு உழைக்கும் பொறியாளர்க்கு இது பெரும் ஆறுதல். இதனை நாம் இகழ்வதற்கில்லை.

ஆனால் இணைக்கும்போதே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. படிப்பதற்கு மட்டும் அனுமதியா, மாற்றுவதற்குமா? சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் கணினி அறிஞர் இருவர் 1975-இலேயே இதற்கொரு நெறியை எடுத்துரைத்தனர். ஒரு பணிக்கு எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவே அளிக்க வேண்டும் என்பது அந்நெறி. இது பொறியியல் விதி மட்டுமன்று, அறநெறியும் ஆகும்.

2025 ஜூலையில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். எதையும் மாற்ற வேண்டாம் என்று பயனர் தடுத்திருந்தும், ரெப்லிட் தளத்தின் நுண்ணறிவு உதவியாளர் பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. மீட்க இயலாது என்றும் தவறாகச் சொன்னது. தன் பிழையை ஒப்புக்கொள்ளும் சொற்களையும் அது அடுக்கியது. எனினும் உலகின் முன் மன்னிப்புக் கேட்டவர் நிறுவனத் தலைவரே.

மனிதர் மட்டும் தவறாதவரா? 2017 ஜனவரி 31 அன்று, கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரவு நேரத்தில், தவறான சேவையகத்தில் தரவுகளை அழித்துவிட்டார். ஏறத்தாழ 6 மணி நேரத் தரவு மறைந்தது. நிறுவனமோ நடந்ததை ஒளிக்காமல் உலகிற்கு அறிவித்தது. எனவே மனிதருக்கும் கருவிக்கும் உள்ள வேறுபாடு பிழை செய்வதில் இல்லை. பிழைக்குப் பொறுப்பேற்பதில்தான் இருக்கிறது. கோடரி கட்டிலைச் செதுக்கினாலும், செய்தவர் தச்சரே. முதன்மைக் காரணத்தையும் கருவிக் காரணத்தையும் பிரித்துக் காட்டிய புனித தோமா அக்குவினாஸின் சிந்தனை இங்கு நமக்கு ஒளி தருகிறது.

கருவி தானே முடிவெடுக்காதபடி, மனிதரின் ஒப்புதல் கேட்கும் ஏற்பாடு இருக்கிறதே என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஆனால் ஒப்புதல் என்பது விரலின் அசைவன்று. அறிவும் விருப்பமும் சேர்ந்தால்தான் அது ஒப்புதலாகும். நூறுமுறை சரியாகச் சொன்ன கருவி நூற்றொன்றாம் முறை கேட்கும்போது, படிக்காமலே இசைவு தந்துவிடுகிறோம். அப்போது காவலர் இருக்கிறார், காவல் இல்லை.

இதில் மேலாளர்களுக்கும் கடமை உண்டு. களைத்த ஊழியரைப் பொத்தானருகே அமர்த்தி, சிந்திக்க நேரமும் மறுக்கும் உரிமையும் தராமல், பழியை மட்டும் அவர்மேல் சுமத்துவது நீதியாகாது. பொறுப்பைக் கேட்பவர், பொறுப்போடு நடப்பதற்கான வாய்ப்பையும் தந்தாக வேண்டும்.

உழைப்பைக் கருவியோடு பகிர்ந்துகொள்ளலாம். மனச்சான்றைப் பகிர்ந்துகொள்ள முடியாது. சாவியைக் கொடுத்தபின்னும் வீடு நம்முடையதே. அதில் நிகழ்வதற்கு விடை கூற வேண்டியவரும் நாமே அல்லவா?