ஊதியமா, பதவியா?

இல்லறத்தில் வாழ்வோர் பொருளீட்டாமல் இருத்தல் இயலாது. அறவழியில் ஈட்டுக என்றே நம் முன்னோர் கூறினர். ஈட்டவே வேண்டா என்று கூறினாரல்லர். ஆயினும் அறவழியில் ஈட்டுவோருக்கும் ஒரு கட்டத்தில் ஓர் ஐயம் எழுகின்றது. ஒருபுறம் மிகுந்த ஊதியம். மறுபுறம் உயர்ந்த பதவிப்பெயர். இரண்டும் ஒருங்கே கிட்டுமாயின் கவலையில்லை. ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்னும் நிலையில் எதனைக் கொள்வது? இதனை உலகியல் வினா என்று ஒதுக்கிவிடுவோர் உளர். நம் மனத்தைச் சோதிக்கும் வினாவாகவே நாம் இதனைக் காண்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர் ஒருவர் நம்மை நாடி வந்தார். ஒரு தொழிற்சாலையின் பண்டகப் பிரிவில் எழுத்தராக இருபது ஆண்டுகள் பணிபுரிந்தவர். அவருக்கு உதவி மேலாளர் என்னும் பெயரைத் தர நிர்வாகம் முன்வந்தது. ஊதியத்தில் உயர்வு ஏதும் இல்லை. அதே வேளையில் வேறொரு தொழிற்சாலை, மூத்த எழுத்தர் என்னும் பெயரில், கணிசமான கூடுதல் ஊதியத்திற்கு அவரை அழைத்தது. மகளின் கல்விக்காக வாங்கிய கடன் அவருக்கு இருந்தது. “என்ன செய்யலாம்?” என்று கேட்டார். “பணம் இன்று வரும், நாளை போகும், மேலாளர் என்றால் நாலு பேர் மதிப்பார்கள். நாளை பெண்ணுக்கு வரன் பார்க்கும்போதும் அதுவன்றோ பேசும்?” என்றோம். அவரும் அவ்வாறே செய்தார்.

பின்னர் நிகழ்ந்ததை நாம் அறிவோம். அதுவரை கிடைத்துவந்த மிகைநேர ஊதியம் நின்றது. வேலை நேரமோ நீண்டது. உடன் உணவருந்திய தோழர்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினர். எதனையும் தீர்மானிக்கும் உரிமை அவருக்கு இல்லை. பிறர் தீர்மானித்தவற்றுக்குக் கையொப்பமிடும் கடமை மட்டும் இருந்தது. இருப்பில் குறை நேர்ந்தபோது விடை கூறவேண்டியவர் அவரே ஆனார். கடன் அடைபடப் பல ஆண்டுகள் ஆயின. ஒருநாளும் அவர் நம்மைக் குறைகூறவில்லை. அம்மௌனமே நம்மைச் சிந்திக்க வைத்தது. அன்று நாம் கூறிய அறிவுரை அவர் நலத்தை எண்ணிக் கூறியதுதானா? “எம் நண்பர் மேலாளர்” என்று ஊராரிடம் முதலில் சொல்லி மகிழ்ந்தவர் நாமே அல்லவா?

பதவிப்பெயர் காற்றில் எழுதிய எழுத்தன்று. அது வாழ்வை மாற்றவல்லது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கோ வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கோ மேற்பட்டு உழைக்கும் தொழிலாளிக்கு இருமடங்கு ஊதியம் என வகுத்தது. மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்புகளில் இருப்போரை அவ்விதியிலிருந்து விலக்கவும் அச்சட்டமே இடந்தந்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமும் நிர்வாகப் பணி புரிவோரைத் தொழிலாளி என்னும் வரையறைக்குள் சேர்க்கவில்லை. இதனால் எழுந்த வழக்குகளில் நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் ஒன்றை வலியுறுத்தின: பெயரை நோக்கற்க, அவர் உண்மையில் செய்யும் பணியின் தன்மையை நோக்குக. நீதிமன்றம் கண்ட இவ்வளவுகோலை நாம் நம் வீட்டுத் திண்ணையிலேயே கண்டிருக்கலாம்.

ஊதியத்தின் பயனும் அம்மாதத்தோடு முடிவதன்று. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், இறுதியாகப் பெற்ற ஊதியத்தை அடிப்படையாகக் கொண்டு, ஓராண்டுப் பணிக்குப் 15 நாள் ஊதியம் எனக் கணக்கிட்டது. இன்று கைவிடும் உயர்வு, முதுமையிலும் ஒரு குறையாக உடன் வரக்கூடும்.

அங்ஙனமாயின் ஊதியமே சிறந்தது என்று முடிவு கட்டலாமா? அதுவும் பொருந்தாது. ஆன்மாவைக் கட்டும் கஷாயங்கள் நான்கு என்பதை நாம் அறிவோம்: குரோதம், மானம், மாயை, லோபம். ஊதியத்தை நாடும் மனத்தில் லோபம் ஒளிந்திருக்கலாம். பதவிப்பெயரை நாடும் மனத்தில் மானம் ஒளிந்திருக்கலாம். லோபத்தை உலகம் எளிதில் கண்டு இகழ்கின்றது. மானமோ தன்மதிப்பு என்னும் ஆடை உடுத்து வருகின்றது. ஆசாரியர் சமந்தபத்திரர் தம் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் எண்வகைச் செருக்கினைக் கூறுகையில், செல்வச் செருக்கோடு, பிறரால் போற்றப்படுதலால் வரும் செருக்கினையும் சேர்த்தே எண்ணினார்.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் பொருளுக்கு எல்லை வகுத்தலும் ஒன்று. அதற்கு இச்சா பரிமாணம் என்னும் பெயரையும் அந்நூல் தருகின்றது. இச்சைக்கு அளவு கட்டுதல் என்பது அதன் பொருள். ஊதியத்திற்கு அளவு கட்ட இயலும். இவ்வளவு குடும்பத்திற்கு, இவ்வளவு சேமிப்பிற்கு, எஞ்சியது தானத்திற்கு என்று கோடு கிழிக்கலாம். பதவிப்பெயரை எந்தப் படியால் அளப்பது? பாதியைப் பிறர்க்கு ஈய இயலுமா? மேலாளர் ஆனவர் முதன்மை மேலாளர் ஆக விழைவர். அப்பால் அதற்கும் மேல். ஆதலின் பெயரை ஏற்குமுன் இருமடங்கு ஆராய்தல் வேண்டும்.

வரலாற்றில் ஒரு சான்று உண்டு. அறிவியல் மேதை ஐசக் நியூட்டன் 1696ஆம் ஆண்டில் இலண்டன் நாணயச்சாலையின் காப்பாளராக அமர்ந்தார். அரசரின் சார்பாளர் என்ற முறையில் பெயரளவில் மேலானது அப்பதவி. நாணயம் வார்க்கும் பொறுப்பை ஏற்ற தலைவர் பதவிக்கோ, ஊதியத்தோடு வார்க்கும் நாணயத்தின் எடைக்கேற்பப் பங்கும் கிடைத்தது. 1699ஆம் ஆண்டில் அவர் காப்பாளர் பதவியிலிருந்து தலைவர் பதவிக்கு மாறினார். 1727இல் மறையும்வரை அதிலேயே இருந்தார். அவர் உள்ளத்தை நாம் அறியோம். பெயரில் ஒருபடி இறங்கியதால் அவர் புகழ் அணுவளவும் குறையவில்லை என்பதை மட்டும் அறிவோம்.

எனினும் பதவியை மறுப்பது எப்போதும் துறவாகாது. சிற்றூர்ப் பள்ளியில் தலைமையாசிரியர் பொறுப்பு வருகின்றது; ஊதிய உயர்வு சிறிது, சுமையோ பெரிது. தகுதியுடையவர் சுமைக்கு அஞ்சி விலகுவாராயின் இழப்பு குழந்தைகளுக்கே. ஆங்கு பெயரோடு கடமையும், நன்மை செய்யும் ஆற்றலும் சேர்ந்து வருகின்றன. அத்தகைய பதவியைக் குறைந்த ஊதியத்திற்கு ஏற்பதும் ஒரு தானமே.

ஆகவே, அன்பர்களே, இத்தகைய நிலை வரும்போது நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்போம். நம் குடும்பத்தின் உண்மைத் தேவை எவ்வளவு? இப்பெயரோடு எந்தக் கடமையும் எந்த அதிகாரமும் வருகின்றன? ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்றால் இப்பெயரை நாம் விரும்புவோமா? மூன்றாம் கேள்விக்கு நேர்மையாக விடை கூறுதல் கடினம். அன்று நண்பர் வந்தபோது நாம் அதனைக் கேட்டிருந்தால், அவருடைய பல ஆண்டுகள் வேறுவிதமாகக் கழிந்திருக்கும். நம்மிடம் அறிவுரை கேட்டு வருவோருக்காவது இனி அதனை முதலில் கேட்போமாக.