பழக்கியவருக்கு என்ன கடன்?

சனிக்கிழமைகளில் மகனைப் பாரிஸ் புறநகரில் உள்ள உதைபந்தாட்ட மைதானத்துக்குக் கூட்டிப்போவேன். தை மாதக் குளிரில் ஒருநாள் அவனுடைய சப்பாத்து நாடா அவிழ்ந்துவிட்டது. விரல் விறைத்துப்போய் அவனால் கட்ட முடியவில்லை. பயிற்சியாளர் தன் கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, ஈரப்புல்லில் முழங்காலை ஊன்றி, இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டார். சம்பளம் வாங்காத மனிதர். இவருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் என்ன, அதை எப்படித் தீர்ப்பது என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்தது.

பொஸ்மன் வழக்கை அந்தக் கேள்வியோடுதான் படித்தேன். பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்தில் ஆடிய ஜோன்-மார்க் பொஸ்மனின் ஒப்பந்தம் 1990இல் முடிந்தது. மாதம் 1,20,000 பிராங்காக இருந்த சம்பளத்தை 30,000 ஆக்கிப் புது ஒப்பந்தம் நீட்டினார்கள். அவர் மறுக்க, வேறு கழகம் அவரை எடுப்பதற்கு 1,17,43,000 பிராங் விலை வைத்தார்கள். அந்த விலைக்கு அவர்கள் கொடுத்த பெயர் பயிற்சி ஈட்டுத்தொகை. ஆனால் அவர் அந்தக் கழகத்துக்கு வந்ததே 1988இல், வளர்ந்த தொழில்முறை ஆட்டக்காரராக! பிரான்சின் டன்கெர்க் கழகம் கூப்பிட்டும் அவரால் போக முடியவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. இங்கே வந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலைக்கு நின்றேன். வேறு கடையில் வேலை கிடைத்ததைச் சொன்னதும் முதலாளி, "வெங்காயம் வெட்டக்கூடத் தெரியாமல் வந்தனீ. பழக்கினது நான். எப்பிடிப் போவாய்?" என்றார். கடைசி மாதச் சம்பளம் வரவேயில்லை. பழக்கினது உண்மை. அதனால் நான் அவருடைய ஆளாகிவிட்டேனா?

1995 மார்கழி 15ஆம் திகதி லக்சம்பர்க்கில் ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்டக்காரர் இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போகும்போது விலை கேட்பது, தொழிலாளியின் நடமாட்டச் சுதந்திரத்துக்கு எதிரானது. அந்தச் சுதந்திரத்தால் இழப்பும் இருந்தது. ஏழு வயதில் நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகத்தில் சேர்ந்த ஆட்டக்காரர் குளைவர்ட், 1997இல் அயாக்ஸுக்கு ஒரு சதமும் கிடைக்காமல் இத்தாலியின் மிலான் கழகத்துக்குப் போனார். அயாக்ஸ் பயிற்சியாளர்களின் மனதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. கடனே இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

2010இல் ஒலிவியே பெர்னார் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொரு படி போனது. பிரான்சின் லியோன் கழகத்தில் பழகி இங்கிலாந்தின் நியூகாசில் கழகத்துக்குப் போனவர் அவர். தங்களோடு ஒப்பந்தம் செய்திருந்தால் ஒரு வருடத்தில் அவர் உழைத்திருக்கக்கூடிய தொகையை லியோன் நட்டஈடாகக் கேட்டது. பழக்கிய செலவைக் கேட்கலாம், ஆனால் கேட்பது அந்தச் செலவோடு பொருந்தவேண்டும் என்றது தீர்ப்பு. நான் தேடியது இந்த வேறுபாட்டைத்தான். பந்துக்கும் சப்பாத்துக்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. ஆளுக்கு இல்லை.

இந்தக் கோடையில் மகன் வேறு கழகத்துக்கு மாறினான். ஒரு பெட்டி றோல்ஸ் சுட்டுக்கொண்டு பயிற்சியாளரிடம் போனேன். ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "அங்கேயும் இடது காலால் அடிக்கச் சொல்லுங்கள், சோம்பல்படுவான்" என்றார்.