அண்ணாந்து பார்த்தது போதும்!

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீர்விமானம் இறங்கினால் நீ என்ன செய்கிறாய்?

கை காட்டுகிறாய். போனில் படம் பிடிக்கிறாய். அது கிளம்பியதும் லயத்துக்குத் திரும்பிவிடுகிறாய்.

அவ்வளவுதானா? அதை ஓட்டுபவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே!

"சொந்த விமானமா? தோட்டத்துப் பிள்ளைக்கா?" என்று சிரிக்கிறாய். சிரிக்காதே! உன்னால் முடியாது என்று எந்தச் சட்டம் சொன்னது?

சட்டத்தையே எடுத்துப் பார். தனியார் விமானி உரிமத்துக்கு உலக அளவுகோல் இதுதான்: வயது 17. பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு. அதில் 10 மணி நேரம் தனியாக. அதிலும் ஒரு பயணம் 270 கிலோமீட்டர், நடுவில் இரண்டு விமான நிலையங்களில் இறங்க வேண்டும்.

மருத்துவச் சோதனை உண்டு. எழுத்துப் பரீட்சை உண்டு. வானொலியில் பேச 4ஆம் நிலை ஆங்கிலம் வேண்டும்.

இதில் எது உன்னால் முடியாதது? விரல் விட்டுச் சொல்!

"படிப்பு இல்லை" என்பாய்.

கேரளத்து இடுக்கியைப் பார். மூணாறுத் தேயிலை விளையும் அதே மாவட்டம். ரப்பர் தோட்டத்துக்கு மருந்தடிக்க ஹெலிகொப்டர் வந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பையனுக்கு மட்டும் பார்த்தது போதவில்லை.

அவர் பெயர் சஜி தாமஸ். காது கேட்காது. பேச்சு வராது. படிப்பு 7ஆம் வகுப்போடு நின்றது. அந்த ஹெலிகொப்டரின் விமானிகளைத் தேடி மும்பாய் வரை போனார். ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தன் கையாலேயே ஒரு சிறு விமானத்தைச் செய்து முடித்தார்.

2014இல் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி எஸ்.கே.ஜே. நாயர் அதை ஓட்டினார். பறந்தது!

காது கேட்காதவருக்கு வானம் கேட்டது. உனக்கு இரண்டு காதும் கேட்கிறதே, நீ எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்?

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். ரே விஜேவர்தன. இருசக்கர உழவு இயந்திரம் ஒன்றை வடிவமைத்த பொறியியலாளர். தானே சிறு விமானங்களைச் செய்து, தானே ஓட்டியவர்.

"அவர் வசதியானவர், கேம்பிரிட்ஜில் படித்தவர்" என்கிறாயா? உண்மைதான். சஜியிடம் அந்த வசதியும் இல்லை, படிப்பும் இல்லை. ஆனாலும் இரண்டு பேர் கையிலும் ஒரே கிரீஸ்தான் ஒட்டியிருந்தது!

பணமா உன் அடுத்த சாக்கு?

மறைக்க மாட்டேன். விமானம் மலிவல்ல. வாங்குவதோடு செலவு முடியாது. எரிபொருள், நிறுத்துமிட வாடகை, காப்புறுதி, ஆண்டுச் சோதனை, பிறகு என்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது. பல சிறு என்ஜின்களுக்கு 2,000 மணி நேரம்தான் கெடு.

அதனால்தான் பல நாடுகளில் நான்கு பேர் சேர்ந்து ஒரு விமானத்தை வைத்துக்கொள்கிறார்கள். தனியே முடியாவிட்டால் கூட்டாகச் செய்! சீட்டுப் பிடித்துக் கல்யாணம் நடத்தத் தெரிந்த நமக்கு இது புரியாதா?

அதுவும் முடியாதா? முதலில் விமானத்தைப் பராமரிக்கிறவனாக உள்ளே போ!

தொழிற்சாலையில் பழைய ரோலரை ஓட வைப்பது யார் கை? உன் அண்ணன் கை. முச்சக்கர வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டுவது யார் கை? உன் கை. செஸ்னா 152இன் என்ஜினிலும் கார்புரேட்டர்தான் இருக்கிறது!

ஆனால் இங்கே குத்துமதிப்பு செல்லாது. உரிமம் வேண்டும். பூட்டிய ஒவ்வொரு ஆணியும் பதிவேட்டில் கையெழுத்தோடு ஏற வேண்டும்.

பறக்கும் முன் ஒவ்வொரு முறையும் விமானத்தைச் சுற்றி வர வேண்டும். ஒயில் அளவு, டயர், இறக்கையின் கீல்கள். எரிபொருள் தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். நேற்றுத்தானே பார்த்தேன் என்ற பேச்சே கிடையாது.

உன் வாழ்க்கையை அப்படி என்றைக்காவது சோதித்தாயா?

பயமாக இருக்கிறதா? இருக்கட்டும்!

என்ஜின் நின்றால் விமானம் கல்லாக விழும் என்று நினைக்கிறாய். விழாது. செஸ்னா 172, 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து காற்றில் வழுக்கியே சுமார் 9 கிலோமீட்டர் போகும். பயிற்சியில் ஆசிரியர் வேண்டுமென்றே விசையைக் குறைத்துவிட்டுக் கேட்பார்: "இப்போது எங்கே இறக்குவாய்?"

பயத்தை ஒத்திகை பார்க்கிறார்கள், தம்பி! நீ பயத்தைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாய்!

வேகம் குறைந்து விமானம் தூக்குவிசையை இழக்கும்போது மனசு என்ன சொல்லும்? மூக்கை மேலே இழு என்று சொல்லும். இழுத்தால் முடிந்தது! மூக்கைக் கீழே இறக்கு. வேகம் பிடி. பிறகு ஏறு!

கணிதத்தில் விழுந்தாயா, தங்கச்சி? தலையைக் குனி. திரும்பப் படி. வேகம் பிடி. பிறகு ஏறு!

ஆனால் ஒன்றை மறந்துவிடாதே. ஏழு கன்னி மலையைக் கேள்.

1974 டிசம்பர் 4. கட்டுநாயக்காவில் இறங்க வந்த டச்சு விமானம் அந்த மலையில் மோதியது. 191 பேர். ஒருவரும் தப்பவில்லை. தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்திருந்தார்கள்.

வெறும் தைரியம் மலையைத் தாண்டாது. எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தவன்தான் தாண்டுவான்.

நீ எங்கே இருக்கிறாய்? உன் ஆங்கிலம் எந்த நிலையில்? பௌதிகம் எவ்வளவு தெரியும்? மாதம் எவ்வளவு சேமிக்கிறாய்? இன்றிரவே எழுது. பொய் சொல்லாமல் எழுது!

எழுதிவிட்டு ரத்மலானை விமான நிலையத்தை நினை. 1935 நவம்பர் 27இல் அங்கே முதன்முதல் இறங்கியது பெரிய விமானம் அல்ல. சென்னையிலிருந்து வந்த சிறிய புஸ் மொத்! இன்றும் பறக்கக் கற்கிறவர்கள் பலர் அங்கே போகிறார்கள். ஹட்டனில் ரயில் ஏறினால் கொழும்பு. அங்கிருந்து ரத்மலானை பக்கம்தான்.

போ! கேள்! விவரத்தை வாங்கி வா!

உரிமம் தருகிறவர்கள் உன் வயதைக் கேட்பார்கள். பறந்த மணி நேரத்தைக் கேட்பார்கள். கண் பார்வையைச் சோதிப்பார்கள். உன் அப்பா எந்த மலையில் கவ்வாத்து வெட்டினார், உன் அம்மா எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்று தகுதி விதி எதுவும் கேட்கவில்லை.

விதியே கேட்காத கேள்வியை நீ ஏன் உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாய்? நிறுத்து. எழுந்து புறப்படு!